வெளிச்சம் வந்த கரையும் ஒதுக்கி வைத்த இரண்டு ஏக்கரும்

மிஷனரி வரலாறு என்று நம் கையில் இருப்பதெல்லாம் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரரின் வரலாறுதான். எந்த வருஷம் வந்தார், எங்கே பங்களா கட்டினார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், எந்தக் காய்ச்சலில் செத்தார் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவருக்கு முன்னால் கால்நடையாகப் போய், ஊர்க்காரனிடம் ஏச்சும் அடியும் வாங்கி, சேரித் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த உபதேசியாருக்கு ஒரு வரி கிடையாது. என் பாட்டன் அப்படி ஒரு உபதேசியார். முப்பது வருஷம் மூணு ஊருக்கு நடந்தவர். அவர் வேலை பார்த்த சபை நூற்றாண்டு மலர் போட்டபோது வெள்ளைக்காரர்களின் படம் பக்கம் பக்கமாக இருந்தது. உபதேசியார் ஒருத்தர் பேரும் இல்லை.

இந்த மௌனத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் மதமாற்றம் பற்றி நம்ம ஊரில் வாதம் நடக்கிறது. சபை ஒரு கதை சொல்லும்: இருட்டில் கிடந்தீங்க, மிஷனரி வந்தார், வெளிச்சம் வந்தது, நன்றியோட இருங்க. இந்துத்துவக்காரன் இன்னொரு கதை சொல்வான்: விவரம் தெரியாத ஜனங்க, கோதுமைக்கும் பால்பவுடருக்கும் ஆசைப்பட்டு மாறிட்டாங்க, பண்பாட்டைத் தொலைச்சிட்டாங்க. பார்க்கப் போனால் ரெண்டும் ஒரே கதை. ரெண்டிலும் ஜனங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தன் வந்து கொடுக்கிறான், அல்லது ஒருத்தன் வந்து ஏமாத்துறான். ஜனங்க என்ன நினைச்சாங்க, எதை எடுத்துக்கிட்டாங்க, எதை விட்டாங்க, எடுத்ததை வச்சு என்ன செஞ்சாங்க என்று யாரும் கேட்கிறதில்லை.

இதை நம்ம மண்ணை மட்டும் வைத்துப் பேசினால் பழகின வார்த்தைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் தென் திருவிதாங்கூரில் வேலை செய்த அதே லண்டன் மிஷன், உலகத்தின் இன்னொரு மூலையில், மிகச் சின்னத் தீவுகளில் உண்டாக்கிய சபைகளை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவில் இருக்கிற டோரஸ் நீரிணைத் தீவுகள் அவை. அந்த ஜனங்களின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரே மிஷன், இரண்டு கரை

லண்டன் மிஷன் சங்கம் 1795இல் ஆரம்பிக்கப்பட்டது. அது முதலில் ஆள் அனுப்பியது தென்கடல் தீவுகளுக்கு. 'டஃப்' என்ற கப்பல் 1796இல் புறப்பட்டு 1797 மார்ச்சில் தாகிட்டித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. நம்ம பக்கம் அந்தச் சங்கம் அனுப்பிய ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே கோயில் கட்டப்பட்டது.

ஆனால் மயிலாடிச் சபை ரிங்கல்தௌபே வந்த பிறகு உண்டானது அல்ல. சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன், சிதம்பரத்துக்குப் போன பயணத்தில் திசை மாறி, தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பியவர். தன் ஜனங்களிடம் பேசிச் சபையைக் கூட்டியவர் அவர். எங்களுக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். மிஷனரி வருவதற்கு முன்னாலேயே ஜனங்க கிளம்பிட்டாங்க. இதை மனசில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போவோம்.

கைமாறிப் போன வேதம்

தென்கடலில் லண்டன் மிஷன் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. ஒரு தீவில் மதம் மாறினவர்களில் சிலரைப் படிக்க வைப்பது. அவர்களைப் பெண்டாட்டியோடு அடுத்த தீவில் கொண்டுபோய் இறக்கிவிடுவது. அவர்கள் பிழைத்துக் கிடந்தால் சில வருஷம் கழித்து வெள்ளைக்கார மிஷனரி போய்ப் பார்ப்பது. 'சுதேசிப் போதகர்' என்று அவர்களுக்குப் பெயர். நம்ம வார்த்தையில் உபதேசியார்.

பாப்பெய்ஹா அப்படி ஒருவர். 1821இல் அவரை ஐடுடாக்கித் தீவில் இறக்கினார்கள். 1823இல் ரரோடோங்காவுக்குப் போனார். அங்கே நிலைமை சரியில்லை என்று கப்பல் திரும்பியபோது, தான் மட்டும் கரைக்குப் போவதாகச் சொல்லி இறங்கினவர் அவர். ரரோடோங்கா சபையை உண்டாக்கியவர் அவர். உலகத்துக்குத் தெரிந்த பெயரோ ஜான் வில்லியம்ஸ். பல தீவுகள் போன வெள்ளைக்காரர், 1839இல் எரோமாங்கா கரையில் கொல்லப்பட்டவர். அதற்குப் பிறகு மிஷன் கப்பல்களுக்கே அவர் பெயர் வைத்தார்கள். பாப்பெய்ஹா பெயரில் கப்பல் ஓடியதாக நான் எங்கேயும் படித்ததில்லை.

ரரோடோங்காவிலிருந்து போன உபதேசியார்கள் 1840களில் லாயல்டி தீவுகளில் ஒன்றான லிஃபுவில் சபையை உண்டாக்கினார்கள். லிஃபு ஜனங்க கறுப்பு நிறத்தவர். 1864இல் பிரெஞ்சுக்காரன் அந்தத் தீவைப் படையோடு வந்து பிடித்தான். அங்கே இருந்த ஆங்கில மிஷனரி சாமுவேல் மெக்ஃபார்லேனுக்கும் பிரெஞ்சு ஆட்சிக்கும் ஒத்துவரவில்லை. அவர் இருக்க முடியாத நிலை வந்தது. அப்போது மிஷன் கண் வைத்தது நியூகினி மேல். பெரிய தேசம், காய்ச்சல் பூமி. அதற்கு ஏறிப்போகிற படிக்கட்டாக டோரஸ் நீரிணைத் தீவுகளை நினைத்தார்கள்.

1871 ஜூலை 1. மெக்ஃபார்லேனும் ஏ.டபிள்யூ. முர்ரே என்ற இன்னொரு மிஷனரியும் 'சர்ப்ரைஸ்' என்ற கப்பலில் எரூப் தீவின் கேமுஸ் கரையில் இறங்கினார்கள். கூட வந்தவர்கள் லாயல்டி தீவுகளைச் சேர்ந்த எட்டு உபதேசியார்கள், அவர்கள் மனைவிமார். எரூப்பின் பெரியவர்களில் ஒருவரான டபாட் வந்தவர்களை ஏற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர் இருவரும் உபதேசியார்களைத் தீவுகளில் இறக்கிவிட்டு மேலே போய்விட்டார்கள். கிழங்கு நட்டு, தீவுக்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு, காய்ச்சலில் படுத்து, பிள்ளைகளைப் புதைத்து அங்கேயே கிடந்தவர்கள் லிஃபுக்காரர்கள். பின்னால் சமோவா போன்ற தீவுகளிலிருந்தும் உபதேசியார்கள் வந்தார்கள்.

நியூகினிக் கரையில் இந்த உபதேசியார்கள் செத்த கணக்கு பெரிது. பெரும்பாலும் காய்ச்சல். 1881இல் காலோ என்ற ஊரில் உபதேசியார்களும் மனைவி பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1901இல் கோவாரிபாரித் தீவில் ஜேம்ஸ் சால்மர்ஸ், ஆலிவர் டாம்கின்ஸ் என்ற இரண்டு வெள்ளைக்கார மிஷனரிகள் கொல்லப்பட்டபோது இங்கிலாந்தே அழுதது. சால்மர்ஸ் பற்றிப் புத்தகங்கள் வந்தன. அதே நாளில் அவர்களோடு சேர்ந்து வெட்டுப்பட்டுச் செத்த கீவாய் தீவு மிஷன் மாணவர்களுக்கு எத்தனை புத்தகம்? பெரும்பாலான புத்தகங்களில் அவர்கள் 'கூடப் போனவர்கள்'. அவ்வளவுதான்.

ஏன் ஏற்றுக்கொண்டார்கள்?

டபாட் ஏன் வந்தவர்களை வரவேற்றார்? பக்திக் கதையில் இதற்குப் பதில் தேவையில்லை. ஆவியானவர் ஏவினார் என்று முடித்துவிடலாம். சரித்திரத்தில் பதில் வேணும்.

1860களின் கடைசியில் அந்தக் கடலில் முத்துச்சிப்பி வியாபாரம் தொடங்கியது. முத்தைவிடச் சிப்பிதான் முக்கியம். ஐரோப்பாக்காரன் சட்டைக்குப் பொத்தான் அதில்தான் செய்தார்கள். சிப்பிக்கும் கடல் அட்டைக்கும் படகுகள் வந்தன. வந்தவர்கள் தீவுக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கடலுக்குள் முழுக வைத்தார்கள். தோட்டத்தைச் சூறையாடினார்கள். பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்க ஆள் கிடையாது. எரூப்பும் மேரும் அப்போது எந்த வெள்ளை அரசாங்கத்துக்கும் உட்பட்டவை அல்ல. குயின்ஸ்லாந்து அரசாங்கம் சட்டம் போட்டு அந்தத் தீவுகளைச் சேர்த்துக்கொண்டது 1879இல். மிஷன் வந்து எட்டு வருஷம் கழித்து.

அப்படிப்பட்ட நேரத்தில் துப்பாக்கி இல்லாத, தங்களைப் போலவே தீவுக்காரனான ஒருத்தன் குடும்பத்தோடு வந்து இறங்குகிறான். தங்க இடம் கேட்கிறான். அவன் பின்னால் ஒரு மிஷன் இருக்கு. கேப்டனைப் பற்றிக் கடுதாசி எழுதிப்போட அதுக்கு முடியும். அடி வாங்குகிற சனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. நம்ம சேரிகளிலும் இதே கணக்குதான். பண்ணையார் அடித்தால் கேட்க ஒரு ஆள், கோர்ட்டுக்கு எழுத ஒரு கை. இதைச் 'சோத்துக்கு மாறினான்' என்று கேலி பேசுகிறவனுக்கு அடி விழுந்த முதுகு எப்படி இருக்கும் என்று தெரியாது. பாதுகாப்பைத் தேடுவதும் மரியாதையைத் தேடுவதும் ஆன்மிகத்துக்குக் குறைந்த காரியங்கள் என்று எவன் சொன்னான்?

இழந்ததும் ஒளித்து வைத்ததும்

இதைச் சொல்லிவிட்டு நஷ்டக் கணக்கை மறைக்கக் கூடாது. மேர் தீவு ஜனங்களுக்கு மாலோ என்ற தெய்வம் இருந்தது. மாலோ வழிபாட்டுக்குப் பெரிய ஆமையோட்டு முகமூடிகள் இருந்தன. மிஷன் காலத்தில் அவை அழிந்தன. பழைய சடங்குகள் தடை செய்யப்பட்டன. சில தீவுகளில் உபதேசியாரே சின்ன ராஜாவாக ஆனார். கோயிலுக்கு வராதவனுக்கு அபராதம், ஒழுக்கம் தப்பினவனுக்குக் கசையடி. மிஷன் பங்களாவில் குனிந்து நின்ற உபதேசியார் ஊருக்குள் வந்ததும் நிமிர்ந்து அதட்டுவதை நாமும் பார்த்திருக்கிறோம். கீழே இருப்பவனுக்குக் கொஞ்சம் அதிகாரம் வந்தால் அதை எங்கே பிரயோகிப்பான் என்பது நமக்குத் தெரியாத விஷயமா?

ஆனால் எல்லாம் அழிந்துபோச்சு என்பதும் உண்மை இல்லை. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹாடன் என்பவர் ஒரு ஆராய்ச்சிக் குழுவோடு மேர் தீவுக்கு வந்தார். மிஷன் வந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. ஜனங்க கிறிஸ்தவர்கள். மாலோ ஆட்டத்தைக் காட்ட முடியுமா என்று ஹாடன் கேட்டார். பழைய முகமூடி இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டையை வெட்டி முகமூடி செய்தார்கள். ஆடிக் காட்டினார்கள். அதைப் படச்சுருளில் எடுத்தார்கள். உலகத்தில் இந்த மாதிரி எடுக்கப்பட்ட முதல் படங்களில் ஒன்று அது. முகமூடி அழிந்துபோனாலும் அதன் அளவு, உருவம், அதைப் போட்டுக்கொண்டு எடுத்து வைக்கிற அடி எல்லாம் ஜெபக்கூட்டத்துக்குப் போய் வந்த ஆட்களின் உடம்புக்குள் இருந்தது.

ஹாடனோடு வந்த ரிவர்ஸ் என்பவர் வீடு வீடாகப் போய் வம்சாவளி எழுதினார். யார் யாருக்குப் பிள்ளை, யாரை யார் தத்தெடுத்தார்கள் என்று. விஞ்ஞானத்துக்காகத்தான் எழுதினார். தொண்ணூறு வருஷம் கழித்து அந்தக் காகிதங்கள் ஒரு கோர்ட்டில் சாட்சியாக வரும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், பேர் சொன்ன ஜனங்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நடுவில் சபையும் கைமாறியது. லண்டன் மிஷன் 1914, 1915இல் அந்தத் தீவுகளை ஆங்கிலிகன் சபையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. வெள்ளைக்காரச் சபைகள் தங்களுக்குள் பேசி முடித்த காரியம். ஆனால் ஜனங்க அதிலும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஜோசப் லூயி, போயி பாசி என்ற இரண்டு தீவுக்காரர்கள் 1919இல் டீக்கன் பட்டமும் 1925இல் குருப்பட்டமும் பெற்றார்கள். பாசி என்ற இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

படகுகள்

ஃபிரெடரிக் வாக்கர் என்ற மிஷனரி ஒரு வேலை செய்தார். வெள்ளைக்காரன் படகில் கூலிக்கு முழுகிக் கொண்டிருக்கிற வரை இந்த ஜனங்களுக்கு விடிவு இல்லை என்று சொல்லி, 1904இல் 'பப்புவன் இண்டஸ்ட்ரீஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். தீவுக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து தவணையில் படகு வாங்கலாம், சிப்பி எடுத்துக் கடனை அடைக்கலாம். 'கம்பெனிப் படகு' என்று அதற்குப் பெயர் வந்தது. ஒரு குடும்பம், ஒரு குலம் சேர்ந்து சொந்தமாகப் படகு ஓட்டினார்கள். மிஷன் கொடுத்ததில் உருப்படியானது எது என்று என்னைக் கேட்டால் எழுத்துக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன்.

அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. 'பாதுகாவலர்' என்று ஒரு அதிகாரியை வைத்தார்கள். அந்தப் பேரைக் கவனிக்கணும், பாதுகாவலர்! படகு ஜனங்களுடையது, ஆனால் யார் எந்தப் படகில் போகணும், சிப்பியை என்ன விலைக்கு விக்கணும் என்பது அவர் கையில். சம்பாதித்த காசும் அவர் கையில். சொந்தக் காசைக் கேட்டு வாங்க அவர் முன்னால் நிற்கணும். ராத்திரியானால் ஊரடங்கு. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு.

1936 ஜனவரியில் ஜனங்க படகில் ஏற மறுத்தார்கள். தீவுக்குத் தீவு செய்தி போனது. மாதக்கணக்கில் வேலை நிறுத்தம். எங்க காசு எங்க கையில் வரணும், எங்க படகை நாங்க ஓட்டுவோம், ஊரடங்கை எடு, பாதுகாவலரை மாத்து. இதுதான் கோரிக்கை. அரசாங்கம் இறங்கி வந்தது. அதிகாரியை மாற்றினார்கள். ஊரடங்கு போனது. 1937 ஆகஸ்டில் மாசிக் தீவில் எல்லாத் தீவுகளின் கவுன்சிலர்களும் முதல் முறையாகக் கூடினார்கள். 1939இல் தனிச் சட்டம் வந்தது. முழு விடுதலை இல்லை. ஆனால் தாங்களே போராடி வாங்கினது.

வேறு வேறு பாஷை பேசுகிற, முன்பு ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்ட தீவுகள் எப்படி ஒன்றாக நின்றன? என் யூகம் இது: படகும் கோயிலும்தான் அவர்களைச் சேர்த்தன. படகில் பல தீவுக்காரன் ஒன்றாக வேலை பார்த்தான். கோயில் பண்டிகைக்குப் பல தீவுக்காரன் ஒன்றாகக் கூடினான். மிஷன் கொடுத்த இரண்டும் மிஷன் நினைக்காத காரியத்துக்குப் பயன்பட்டன. தாழ்த்தப்பட்ட ஜனங்க ஒரு மதத்தை எடுத்துக்கொள்வது இப்படித்தான் நடக்கும். கொடுக்கிறவன் நோக்கம் ஒன்று, எடுத்துக்கொள்கிறவன் தேவை வேறொன்று.

நிலம்

அந்த வேலை நிறுத்தம் நடந்த அதே 1936இல், ஜூன் 29ஆம் தேதி, மேர் தீவில் எடி கொய்கி மாபோ பிறந்தார். வளர்ந்து டவுன்ஸ்வில் நகரத்துக்குப் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். அங்கிருந்த வரலாற்றாசிரியர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மேரில் எங்க நிலம் இருக்கு என்று சொன்னார். அவர்களுக்குச் சங்கடமாகப் போச்சு. சட்டப்படி அது உங்கள் நிலம் இல்லை, அரசாங்க நிலம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1879இல் சேர்த்துக்கொண்டபோதே தீவு முழுவதும் ராணிக்குச் சொந்தமாகிவிட்டதாம். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் போட்டு, கல்லும் மரமும் வைத்து எல்லை காட்டி, இது இன்னார் தோட்டம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்த நிலம் அது.

1982 மே 20ஆம் தேதி வழக்குப் போட்டார்கள். மாபோவோடு சேர்ந்து வழக்குப் போட்டவர்கள்: சாம் பாசி, டேவிட் பாசி, ஜேம்ஸ் ரைஸ், செலூயா மாப்போ சாலி என்ற பெண்மணி. இதில் டேவிட் பாசி யார்? மேர் தீவின் ஆங்கிலிகன் பாதிரியார். அங்கியைப் போட்டுக்கொண்டு பூசை செய்கிற ஆள். மாலோவையும் கிறிஸ்துவையும் எதிர் எதிராக நிறுத்தாதவர். மாலோவின் சட்டம் அந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும்: அடுத்தவன் நிலத்தில் கை வைக்காதே, அடுத்தவன் பாதையில் கால் வைக்காதே. அந்தச் சட்டத்தை ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் கோர்ட்டில் நின்று சாட்சியாகச் சொன்னார். மதம் மாறினவன் பண்பாட்டை விட்டவன் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

குயின்ஸ்லாந்து அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1985இல் ஒரு சட்டம் போட்டது. தீவுக்காரர்களுக்கு உரிமை ஏதாவது இருந்திருந்தால் அது 1879இலேயே போய்விட்டது, நஷ்டஈடும் கிடையாது என்று! 1988 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. நாலு பேர் ஒரு பக்கம், மூணு பேர் மறுபக்கம். ஒரு ஓட்டில் தப்பியது. பிறகு விசாரணையில் மாபோ தன் குடும்ப நிலம் பற்றிச் சொன்னதை நீதிபதி ஏற்கவில்லை. பாதிரியார் பாசியும் ஜேம்ஸ் ரைசும் சொன்னது நின்றது. ரிவர்ஸ் எழுதி வைத்த வம்சாவளியும் ஹாடன் குழுவின் அறிக்கைகளும் கோர்ட்டில் சாட்சியாக வந்தன.

1992 ஜூன் 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறுக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரன் வந்தபோது நிலம் யாருக்கும் சொந்தமில்லாத வெறும் நிலமாகக் கிடந்தது என்ற பொய்யை அந்தத் தீர்ப்பு உடைத்தது. மேர் ஜனங்களுக்குத் தங்கள் நிலம் உலகத்தில் எவருக்கும் எதிராகச் சொந்தம் என்று அறிவித்தது. மூன்று தீவும் சேர்ந்து ஒன்பது சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சின்ன இடத்திலிருந்து ஒரு கண்டத்தின் சட்டமே மாறியது. மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை. தீர்ப்புக்கு நாலரை மாசத்துக்கு முன்னால், 1992 ஜனவரியில் செத்துப்போனார். 1995இல் டவுன்ஸ்வில்லில் அவர் கல்லறையை உடைத்து இனவெறி வார்த்தைகளை எழுதினார்கள். உடம்பை மேருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

ஒதுக்கி வைத்த இரண்டு ஏக்கர்

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தீர்ப்பின் கடைசியில் நீதிமன்றம் அறிவிப்புச் செய்யும்போது சில நிலங்களைத் தனியாக எடுத்து வைத்தது. பக்கத்துத் தீவுகளான டவாரும் வையரும் ஒன்று. அரசாங்கக் காரியங்களுக்கு எடுத்த மனை ஏதாவது இருந்தால் அது ஒன்று. இன்னொன்று, மிஷனுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்ட நிலம். 1882இல் குயின்ஸ்லாந்து அரசாங்கம் லண்டன் மிஷனுக்கு மேரில் இரண்டு ஏக்கர் குத்தகை கொடுத்திருந்தது. பின்னால் அது ஆஸ்திரேலிய மிஷன் போர்டின் கைக்குப் போனது. ஜனங்களுக்குச் சொந்தம் என்று கோர்ட்டு அறிவித்தபோது அந்த இரண்டு ஏக்கரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கி வைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஜனங்களுடைய நிலத்தை ஜனங்களைக் கேட்காமல் சேர்த்துக்கொண்ட அரசாங்கம், அதில் இரண்டு ஏக்கரை மிஷனுக்கு எழுதிக் கொடுக்குது. மிஷன் வாங்கிக்கொள்ளுது. இது உங்க நிலம் இல்லையே, இந்த ஜனங்களுடையது ஆச்சே என்று அரசாங்கத்தைப் பார்த்து மிஷன் கேட்கவில்லை. எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். படகுக்கு வழி காட்டினார்கள். சாகவும் செய்தார்கள். ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை. அதை எழுப்பியது அந்தச் சபையின் பிள்ளைகள்.

நம்ம கதை இதிலிருந்து எவ்வளவு தூரம்? செங்கல்பட்டுப் பக்கம் ஆடம் ஆண்ட்ரூ, கூடி போன்ற மிஷனரிகள் பறையருக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தை நெருக்கியது உண்மை. கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதியதும், 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கச் சொல்லி ஆணை வந்ததும் உண்மை. அந்த நிலம் கை மாறி மேல்சாதிக்காரனிடம் போனதும் உண்மை. அதைத் திரும்பக் கேட்டு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். மேர் தீர்ப்பு வந்து இரண்டே கால் வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த இரண்டு பேரையும் பாருங்கள்: ஒருவர் ஜான் தாமஸ், ஒருவர் ஏழுமலை. நிலத்துக்காக நின்றபோது எந்தச் சாமி என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

டோரஸ் ஜனங்களுடைய சண்டை 1992இல் முடியவில்லை. 2013இல் அந்தக் கடலில் மீன் பிடித்து விற்கிற உரிமையும் அவர்களுக்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. இப்போது கடல் ஏறி வருகிறது. தாழ்ந்த தீவுகளில் கல்லறைகளைத் தண்ணீர் அரிக்கிறது. 2022இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அந்த ஜனங்களைக் காப்பாற்ற ஆஸ்திரேலியா போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொன்னது. 2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் சொந்தக் கோர்ட்டில் போய்குவும் சைபாயும் போட்ட வழக்கு தோற்றது. அப்படியும் அவர்கள் வருஷா வருஷம் ஜூலை 1ஆம் தேதி 'வெளிச்சம் வந்த நாள்' கொண்டாடுகிறார்கள். படகு கரைக்கு வருவதை நடித்துக் காட்டுகிறார்கள், பாட்டு, ஆட்டம், விருந்து. டபாடுக்கு எரூப்பில் நினைவுக்கல் இருக்கு. வெளிச்சம் எங்கிருந்தோ வந்து விழுந்தது என்று மட்டும் அந்தக் கொண்டாட்டம் சொல்லவில்லை. அதை வாங்கிக்கொள்ள எங்க ஆள் ஒருத்தர் கரையில் நின்றார் என்றும் சொல்கிறது.

கிறிஸ்தவ தலித்துகள் எழுத வேண்டிய வரலாறும் இதுதான். மிஷனரியைத் திட்டி எழுதுவதிலோ புகழ்ந்து எழுதுவதிலோ எனக்கு அக்கறை இல்லை. இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் இரண்டு வேலை சொல்கிறேன். உங்க ஊருக்கு முதலில் நடந்து வந்த உபதேசியார் யார், அவர் பெண்டாட்டி பேர் என்ன, அவர்களை எங்கே புதைத்தார்கள் என்று கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். அந்தக் கிழவிகள் செத்துப்போவதற்குள் எழுதுங்கள். அப்புறம் தாலுகா ஆபீசுக்குப் போய், ஊர்க் கோயில் நிற்கிற மனை, கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம், அதைச் சுற்றியுள்ள புஞ்சை இதெல்லாம் யார் பேரில் இருக்கு என்று பட்டாவைப் பாருங்கள்.